ஈரத்தோடு மடித்தது

மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்த பிறகுதான் கொட்டகையிலிருந்து கூடார வண்டியை வெளியே இழுத்தோம். நானும் ரெக்ஸின் அக்காவும். சக்கரம் ஒன்றில் காற்று இறங்கியிருந்ததால் வண்டி வர மறுத்தது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாடி மகாராணி, வெளிய வந்து மூஞ்சியைக் காட்டு" என்று அதைத் திட்டிக்கொண்டே இழுத்தாள்.

ரெக்ஸின் அக்கா என்பது தெரு வைத்த பெயர். பஸ் சீட், பைக் சீட், ஆஸ்பத்திரி மெத்தை, படகு மூடுகிற தார்ப்பாய், எது கிழிந்தாலும் அவளிடம் வரும். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை. மேஜையில் நின்று வெட்டுவது என் வேலை. அதே வீட்டின் மாடியறையில் வாடகைக்கும் இருந்ததால் எனக்குப் பெயர் மாடி. "மாடி, கத்திரியை எடு." "மாடி, டீ ஆறுது பாரு." என் சொந்தப் பெயரை அந்தத் தெருவில் ரேஷன் அட்டைதான் அறியும்.

வண்டி அவர்களுடையது இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் டிரைவர். அவருடைய ஒரே தங்கையுடையது அது. தங்கையின் கணவர் ஊர் ஊராகப் போய்க் கடைத் தராசுகளைப் பழுதுபார்க்கிறவர். மழை முடிந்து புறப்பட்டால் கோடை முடிகிற வரைக்கும் இருவருக்கும் அந்த வண்டிதான் வீடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற தகரப் பெட்டி. நின்ற இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், நாலு பக்கமும் கித்தான் சுவர் விரியும், ஜன்னல்களில் கண்ணாடிபோல வினைல். உள்ளே எதிரெதிராக இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, எடைக்கற்கள் வைக்கிற மரப்பெட்டி. மழை மாதங்களில் அவர்கள் ஒற்றை அறை ஒன்றில் ஒண்டிக்கொள்வார்கள். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. வண்டி அண்ணன் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிடும்.

பத்து நாளில் புறப்பட வேண்டியவர்கள். மூலையில் ஒரு கிழிசல் இருக்கிறது, தைத்து வை அண்ணி என்று தங்கை சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் இழுத்தோம்.

அக்கா கைப்பிடியைச் சுற்றினாள். கூரை ஒரு முழம் எழும்பியதுமே வாடை வந்தது. ஈரச் செருப்பை மாதக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டிவைத்துத் திறந்த மாதிரி. முழுதாக விரித்தபோது பார்த்தோம். கித்தான் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி, மிளகைத் தூவிவிட்டது போல. மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளிகள் சேர்ந்து திட்டுத் திட்டாகப் பச்சையும் சாம்பலும். வினைல் ஜன்னலில் வழவழவென்று ஒரு படலம். படுக்கை உறையைத் தூக்கினால் அடியில் பஞ்சு நுரையே கறுத்திருந்தது.

"ஐயையோ," என்றாள் அக்கா. பிறகு, "மூக்கைப் பொத்து மாடி. இதைச் சுவாசிக்காதே. வெளிய வா."

அவளுக்கு முன்னால் நான் வெளியே வந்துவிட்டேன். வாடையால் இல்லை.

அக்கா அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள். கையெல்லாம் அழுக்காக இருந்ததால் போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினாள். டிரைவர் மத்தியான ட்ரிப்புக்கு முன்னால் டீ குடிக்க வந்திருந்தார். கதவோரம் டம்ளரோடு நின்றார். நான் மேஜைக்கு வந்து, பாதியில் விட்ட சீட் துணியை வெட்ட ஆரம்பித்தேன்.

"ஈரத்தோட மடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கீங்களே, கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?"

"இல்லயே அண்ணி. நாங்க வந்த அன்னிக்கு வெயிலாத்தானே இருந்துச்சு."

"வெயில்ல மடிச்சது இப்படிப் பூக்குமா? பொழுது விடிஞ்சா இதோட மல்லுக்கட்டுறவ நான். எனக்கே கதை சொல்றியா? சுவரெல்லாம் பூசணம். இதுலதான் நீ ஆறு மாசம் மூச்சு விடப்போற. போன வருஷம் இளைப்பு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தது மறந்துபோச்சா?"

தங்கையின் குரல் தணிந்து வந்தது. "மடிச்சது அவர்தான் அண்ணி. நான் பாத்திரத்தை எறக்கிட்டு இருந்தேன். இருங்க." தூரத்தில் கேட்டாள்: "ஏங்க, வண்டியை நல்லாக் காயவெச்சுத்தானே மடிச்சீங்க?"

ஆண் குரல்: "காயவெச்ச மாதிரிதான் ஞாபகம்."

"மாதிரியா?"

"அன்னிக்குக் காலைல தூறல் எதுவும் இருந்துச்சோ என்னமோ..."

தங்கை மறுபடியும் போனுக்கு வந்தாள். "மன்னிச்சிருங்க அண்ணி. எங்க தப்புதான்."

டிரைவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். என் கத்திரி நிற்கவே இல்லை. கோடு தாண்டி நாலு விரல் வெட்டிவிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நடந்தது இதுதான். மழை நடுவில் அக்கா ஐந்து நாள் வெளியூர் போயிருந்தாள், படகுத் துறையில் சீட் மாட்டித்தரும் வேலைக்கு. முதல் நாள் விடிகாலையில் துணி எடுக்க மாடிப்படியில் இறங்கினேன். பின்முற்றத்தில் கூடார வண்டி விரித்து நிற்கிறது. டிரைவர் உள்ளே படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வினைல் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் திருடன் பிடிபட்ட மாதிரி எழுந்தார். அப்புறம் அசடு வழியச் சிரித்தார்.

"மாடி, கொஞ்சம் வந்து பாருங்களேன். கித்தான்மேல மழை விழுற சத்தத்தைக் கேளுங்க."

படியில் உட்கார்ந்து கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சின்ன அடுப்பில் அவர் டீ போட்டுக் கொடுத்தார். பத்தொன்பது வருஷமாக அதே இருபத்திரண்டு கிலோமீட்டர், அதே நாற்பத்தோரு நிறுத்தம். "இதுல உக்காந்தா எங்கயோ போற மாதிரி இருக்கு," என்றார். ஐந்து நாளும் அங்கேதான் படுத்தார். நாலு நாள் காலையில் நானும் போய் டீ குடித்தேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாள் பொழுது விடிந்தும் மழை கொட்டியது. அக்கா பத்து மணி பஸ்ஸில் வருகிறாள். அவருக்கு ஆறரைக்கு முதல் ட்ரிப். கைப்பிடியைச் சுற்றிக் கூரையை இறக்கினார். அவர் நனையாமல் குடை பிடித்தது நான்.

"சொட்டச் சொட்ட ஈரமா இருக்கேண்ணே," என்றேன்.

"சாயங்காலம் விரிச்சுக் காயப்போட்டுடலாம், மாடி."

சாயங்காலம் அக்கா இருந்தாள். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் எனக்கும் மறந்துவிட்டது.

இதை அந்தப் போன் நடக்கும்போதே சொல்லியிருக்கலாம். அவர் சொல்வார் என்று நான் பார்த்தேன். நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் பார்த்தார். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருந்து, அவர் மனைவியிடம் வேலை பார்க்கிறவள், நடுவில் புகுந்து ஏன் பேச வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. நாலு நாள் டீ குடித்ததை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மை.

நடுவில் ஒரு நாள் தங்கை கூப்பிட்டாள். "அவர் ஒத்துக்கிட்டார் அண்ணி. தூறல்லதான் மடிச்சாராம். சும்மா விடல நான், கேட்டுட்டேன் நல்லா." அவள் குரலில் அழுகை முடிந்த பிசுபிசுப்பு இருந்தது. அன்றைக்கு டிரைவர் சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். படிக்கட்டில் என்னை எதிர்கொண்டபோது, "செய்யாததை ஒத்துக்கிட்டாராம் மாடி," என்றார். "சொல்லிடுங்கண்ணே," என்றேன். "சொல்றேன், சொல்றேன்," என்றபடியே பஸ்ஸை நோக்கிப் போனார்.

சனி, ஞாயிறு பஸ் இல்லை. அந்த இரண்டு நாளில் வண்டியைச் சுத்தம் செய்துவிடுவது என்று அக்கா முடிவுகட்டினாள்.

வேலை என்று வந்தால் அக்காவைப் பார்க்க வேண்டும். வண்டியை நல்ல வெயிலில், காற்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி நிறுத்தினாள். மூன்று பேருக்கும் மாஸ்க், முழங்கை வரை ரப்பர் உறை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து கட்டினாள். நான் உலர்ந்த பிரஷ்ஷைத் தூக்கியதும் கையைத் தட்டிவிட்டாள்.

"காஞ்சதைத் தேய்க்காதே. அத்தனையும் பறந்து நம்ம நெஞ்சுக்குள்ளதான் போகும். மொதல்ல நனை."

கித்தானுக்கு ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீர். மருந்தடிக்கிற குப்பியில் ஊற்றித் தெளித்து, அரைமணி ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் நெசவு போகிற போக்கில் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசல். வினைலுக்கு அதுகூட வேண்டாம், சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். பிரஷ் பட்டால் கீறல் விழுந்து அந்தக் கீறலிலேயே அடுத்த பூசணம் குடியேறும். நுரை மெத்தை இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வைத்தாள். "உள்ளுக்குள்ள போயிருச்சு. இனி என்ன பண்ணாலும் தேறாது. நான் புதுசு வெட்டித் தைச்சுக்கறேன்."

"பிளீச் போட்டா ஒரே போடுல வெள்ளையாயிடாதா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆகும். நூலும் சேர்ந்து வெள்ளையாகிப் பொடிஞ்சு போகும். தண்ணி உறிஞ்சாம இருக்கப் பூசின பூச்சும் போயிடும். அடுத்த காத்துல கூரை பறந்து உங்க தங்கச்சி வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பா."

அன்று அவர் உழைத்த உழைப்பு. அக்கா உட்கார் என்றால் உட்காரவில்லை. ஒரே மூலையை மூன்று தடவை தேய்த்தார். மற்றத் திட்டுகளெல்லாம் வெளுத்துவிட்டன. படுக்கைக்கு மேலே, அவர் தலைவைத்துப் படுத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று மட்டும் போகவில்லை.

"விடுங்க. செத்துப்போச்சு அது. கறை மட்டும்தான் மிச்சம்," என்றாள் அக்கா.

"பார்த்ததும் அவளுக்கு அதுதான கண்ணுல படும்."

"படட்டும். ஈரத்தோட மடிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம் நாங்கள் இருவரும் சோறு எடுத்துவைக்க உள்ளே போனோம். முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். முற்றத்திலிருந்து இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, ஆள் உள்ளிருந்து கிழிகிற மாதிரி. ஓடினோம். அவர் குளியலறையிலிருந்து பிளீச் கேனை எடுத்துப் போயிருக்கிறார். வினிகர்த் தண்ணீர் மிச்சமிருந்த வாளியிலேயே அதை ஊற்றியிருக்கிறார். அதுவும் வண்டிக்குள், வெயில் கண்ணைக் குத்துகிறதென்று பக்கத்துத் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, சட்டைக் காலரைப் பற்றி அவரை வெளியே இழுத்துப் போட்டாள். "மாடி, கிட்ட வராதே! அந்தப் பக்கம் போ, காத்து வர்ற பக்கம்!" குழாயடியில் உட்காரவைத்து முகத்திலும் கண்ணிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவர் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம். எதிர் வீட்டு ஆட்டோவில் ஏற்றினோம்.

தெருமுனைக் கிளினிக்கில் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரிக் கப்பு ஒன்றை மாட்டி, மருந்துப் புகையைச் சுவாசிக்க வைத்தார்கள். டாக்டரம்மா அக்காவிடம் விசாரித்துவிட்டு, "ரெண்டையும் கலந்தா விஷ வாயும்மா. வெளிய இழுத்தீங்க, பிழைச்சார்," என்று சொல்லிப் போனாள். அக்கா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பயம் இறங்கியதும் கோபம் ஏறியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பண்ண தப்புக்கு நீங்க ஏன் உசிரை விடணும்?"

அவர் கப்பைக் கீழே இறக்கினார். "அவளுக்கு இப்படித்தான இருந்திருக்கும்," என்றார். "ஒன்பது நாளும் இப்படித்தான இழுத்திருப்பா."

"அதை மாட்டுங்க மொதல்ல. பேசாதீங்க."

"அவங்க மடிக்கல. நான் மடிச்சேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். நீ படகுத் துறைக்குப் போனபோது. ஐந்து நாள். ஆசையாக இருந்தது. மழையில் மடித்தேன்.

"போன்ல நான் கத்துறப்ப பக்கத்துல நின்னு டீ குடிச்சீங்களே."

"குடிக்கல. அப்படியே ஆறிப்போச்சு."

"ஏங்க சொல்லல?"

"அம்பத்திரண்டு வயசு. கூடாரத்துல படுத்து விளையாடினேன்னு எப்படிச் சொல்றது? அதுக்குள்ள நீ அவகிட்ட பேசிட்ட. அவளும் மன்னிப்புக் கேட்டுட்டா. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு."

அக்கா முதுகிலிருந்து கையை எடுத்தாள். "நான் அந்தப் புள்ளையை என்னென்ன பேசிட்டேன்," என்று தனக்குள் சொன்னாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஆச்சரியப்படாமல் நின்றதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா மாடி?"

"குடை பிடிச்சதே நான்தான்க்கா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கப்பை எடுத்து மறுபடியும் அவர் முகத்தில் மாட்டி, நாடாவைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். மறுநாள் ஞாயிறு முழுவதும் வாளி எங்கே, துணி எங்கே என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளீச் பட்ட இடத்தை அலசித் தொட்டுப் பார்த்தோம். தையல் நூல் நகத்துக்கே அறுந்தது. அந்த இடத்தை ஒரு முழத்துக்கு வெட்டியெடுத்துப் புதுக் கித்தான் வைத்துத் தைத்தாள். பழைய துணி வெளுத்த மண் நிறம், புதுசு பழுப்பு. தூரத்திலிருந்தே தெரிந்தது.

"போன்ல சொல்லிடவா?" என்று டிரைவர் கேட்டார்.

"வேணாம். வரட்டும். அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நானும் சொல்லணும்."

புதன்கிழமை வந்தார்கள். கார் நின்றதும் தங்கை இறங்கி விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள், கணவருக்காக நிற்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்பதைக் கவனித்தேன். தராசுக்காரர் ஒல்லியான, வளர்த்தியான மனிதர். இரண்டு கையிலும் தகர டின்கள். கித்தானுக்கு மேலே பூசுகிற நீர்காப்புப் பூச்சு.

"சிஸ்டர், தப்பு என்னோடது, வேலை மட்டும் உங்களுதாப் போச்சு," என்று அக்காவிடம் நீட்டினார். "தூறல் இருந்துச்சு. பார்த்துட்டேதான் மடிச்சேன். நூத்துக்கணக்கான தராசைச் சரிபண்றவன், இதுல கவனமில்லாமப் போயிட்டேன்."

அக்கா டின்னை வாங்கவில்லை. டிரைவரைப் பார்த்தாள்.

டிரைவர் முன்னறை நடுவில் நின்றார். மெஷின்மேல் கிடந்த நூல்கண்டை எடுத்தார், வைத்தார். "மாப்பிள்ளை, தூறல் எதுவும் இல்ல," என்றார். "நீங்க காயவெச்சுத்தான் மடிச்சீங்க. பொட்டு ஈரம் இல்லாமக் குடுத்தீங்க. நான்தான் நடுவுல எடுத்து விரிச்சேன். அஞ்சு நாள் படுத்தேன். கொட்டுற மழைல மடிச்சு உள்ள தள்ளினேன். அதைச் சொல்லாம இத்தனை நாள் உங்களைத் திட்டு வாங்க விட்டேன்."

தராசுக்காரர் டின்களோடு அப்படியே நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "இல்ல மச்சான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. கண்ணாடில தூறல் பட்டுது. துடைக்கத் துணி தேடினேன். அதெல்லாம்..." சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அதெல்லாம் நானா நெனைச்சுக்கிட்டதா? தினமும் கேக்கக் கேக்க, மழை பெஞ்ச மாதிரியே ஆயிடுச்சு மச்சான். சத்தியமா கண்ணாடி நனைஞ்சதைப் பார்த்தேன்."

அக்கா டின்களை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "போன்ல நான் பேசினதை எல்லாம் மன்னிச்சிருங்கண்ணா. அவளும் மன்னிக்கணும்."

தங்கை அண்ணனைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நான் கேட்டப்ப 'இல்லை'ன்னு சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு நாள் சொன்னேனே."

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ என்கிட்ட கேட்டிருந்தா சாவியோட குடுத்திருப்பேன். படுத்துக்கோன்னு தலைகாணிகூடக் குடுத்திருப்பேன். உன்னை மன்னிக்கிறது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா 'என்னைச் சாகடிக்கத்தான் பாக்குற'ன்னு இவரைச் சொன்னேன். ஒரு தடவை இல்ல. அதை யாரு திரும்ப வாங்குறது, நீயா?"

டிரைவர் நூல்கண்டை மறுபடியும் கையில் எடுத்தார்.

நான் மேஜைக்குப் பின்னால் நின்றபடி, "எனக்கும் தெரியும்மா. நானும் சொல்லல," என்றேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கென்று செலவழிக்க அவளிடம் கோபம் மிச்சமில்லை.

இரண்டு நாள் தங்கினார்கள். பூச்சைப் பூச ஒரு நாள், காய ஒரு நாள். வேலை நடந்தது, சாப்பாடு நடந்தது, தராசுக்காரர் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, "எங்க வண்டிக்கு மெடல் குத்தியிருக்கீங்க சிஸ்டர்," என்று ஜோக்கடித்து அக்காவைச் சிரிக்கவைத்தார். தங்கை அவர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று டம்ளரை வாங்கிப்போனாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அவர் எடுத்துக்கொள்ளாதது அவளை இன்னும் வதைத்தது என்று நினைக்கிறேன். அக்கா என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் அந்த "டீ ஆறுது பாரு" மட்டும் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். மடித்துக் காரில் மாட்ட வேண்டியதுதான். டிரைவர் அன்றைக்கு முதல் ட்ரிப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு விடியும்போதே வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். கூரையைக் கட்டுகிற வாரைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லாக் காஞ்சிடுச்சும்மா. மடிச்சிடலாம்," என்றார்.

தங்கை "ம்" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். கித்தானில் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, மேலிருந்து கீழ்வரை இழுத்தாள். அடுத்த தையல். அடுத்தது. மடிப்பு விழுகிற மூலையில் விரலை நுழைத்து, எடுத்து, விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜன்னல் ஓரம், ஒட்டுப்போட்ட இடம், படுக்கைக்கு அடி. அவசரமே இல்லை அவளுக்கு. கோபமும் இல்லை. கடையில் வாங்குகிற துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

டிரைவர் வாரைப் பிடித்தபடியே வெயிலில் நின்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

தங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பி, "காஞ்சிருக்குங்க, மடிக்கலாம்," என்றாள்.